நாற்காலி போட்ட புதன்கிழமை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் ஏதோ இருக்கிறோம். உன் மனைவி, குழந்தை எல்லோரும் சுகமா? குளிர் உனக்கு ஆகாது. மப்ளரைக் கட்டிக்கொள்ளாமல் ஸ்டைலாகத் திரியாதே. ஆபீசர் ஆனாலும் தொண்டை ஒன்றுதான்.

வீட்டு போன் ஏன் அடிப்பதில்லை என்று கேட்டிருந்தாய். நான்தான் கழற்றி வைத்தேன். மணி அடித்தால் உன் அத்தான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்துகிறார்கள். தொண்டை ஆபரேஷனில் குரல் கரகரத்துப் போனதே தவிர ஒரேயடியாகப் போகவில்லை, தாராளமாகப் பேசலாம் என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார். இவருக்குத்தான் வெட்கம். பஸ் ஸ்டாண்ட் மைக்கில் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த குரல் அல்லவா! இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்னிடம்கூட வாயைத் திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ் பேக்டரியின் பழைய கிடங்கில் புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடுவது உனக்குத் தெரியும். நாடகம்தான், ஆனால் மேடை, வசனம் எதுவும் கிடையாது. அந்த வாரம் யாருக்கு யாரோடு சண்டையோ அதை அங்கேயே நடித்துப் பார்ப்போம். யாருடைய சண்டையோ அவர் எதிராளியின் வேஷம் போட வேண்டும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. வாசலைத் தாண்டினால் உனக்கும் ஒரு வேஷம் உண்டு. நான் போட்ட சட்டம். தையல்காரி கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது யார் மீறுவார்கள்?

மழைக்காலத்தில் ஒருநாள் உன் அத்தான் எனக்குக் குடை கொண்டுவந்தார். அப்போது ஆஸ்பத்திரிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கூட்டத்து நர்ஸம்மா இவரைப் பார்த்ததும், "டாக்டர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்று சொல்லித் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டாள். இவர் முழித்தார். பிறகு நோயாளியாகப் படுத்திருந்த பேக்கரிக்காரரிடம் போய், "நாக்கை நீட்டுங்க" என்றார். அந்தக் கரகரத்த குரலில்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரவர் வேஷத்தில் மும்முரமாக இருந்தார்கள். பேக்கரிக்காரர் நாக்கை நீட்டினார், அவ்வளவுதான்! நான் ஒரு மூலையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு புதனும் வருகிறார், பேசுகிறார். திரும்பி நடந்து வரும்போது என்னோடும் பேசுகிறார். வீட்டுக் கதவைத் திறந்ததும் நின்றுவிடும். ஆனால் அந்த நடை இருக்கிறதே, எனக்கு அது போதும்.

இப்போது நகராட்சி அந்தக் கிடங்கை வண்டி நிறுத்த விடப் போகிறதாம். கலைப் பண்பாட்டு வாரியம் நல்ல மதிப்பீடு கொடுத்தால் எங்களுக்கே விட்டுவிடுவார்களாம். நீ அந்த வாரியத்தில் மதிப்பீட்டுப் பிரிவில்தானே குப்பை கொட்டுகிறாய்? ஒரு வழி சொல்.

அத்தான் விஷயம் உன்னோடு இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உன் மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது; கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள். அத்தான் பேசினார் என்று படித்ததும் என் மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

மதிப்பீட்டில் சொந்தக்காரர்களின் கோப்பை நான் தொடக்கூடாது. ஆனால் எப்படித் தயாராவது என்று சொல்லலாம். உங்கள் ஊர் 'சிற்றூர்க் கலை வளர்ச்சி'த் திட்டத்தில் வருகிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் முதலில் பார்ப்பது பார்வையாளர் எண்ணிக்கை. நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பார்வையாளர் என்று ஒருவர்கூட இல்லை. அக்கா, உன் சட்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால் மேலே யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒருநாள் நாற்காலி போட்டு, ஊரைக் கூப்பிட்டு, ஒரு நாடகம் நடத்திக் காட்டு. மற்ற நாள் உன் இஷ்டம்.

அடுத்தது சமூகத் தாக்கம். உங்கள் முயற்சியால் யாருடைய வாழ்க்கையாவது மாறியிருக்கிறதா என்று கேட்பார்கள். உன்னிடம் இருப்பது போன்ற ஒன்று நூறு ஊரில் தேடினாலும் கிடைக்காது. அத்தானைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும், கிடங்கு உங்களுக்குத்தான். யோசித்துப் பார்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நலம். பல் விழுந்தவளுக்கு என் முத்தம். தாக்கம் என்று படித்ததும் அடிதடி என்று நினைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. அத்தானைப் பற்றி ஒரு எழுத்து எழுதக்கூடாது. அவர் பேசுவதை யாரும் கவனிக்காததால்தான் பேசுகிறார். கிடங்கில் இருக்கிறவர்களே இன்றுவரை அவரிடம் 'பேசறீங்களே' என்று சொன்னதில்லை. நான்கூட நடந்து வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சாலையைத்தான் பார்க்கிறேன். உனக்கு எழுதியதே தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

போன புதன் பூட்டுக்காரருக்கும் அவருடைய வாடகை வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டை. பூட்டுக்காரர் வீட்டுக்காரராக நின்று "காலி பண்ணுய்யா!" என்று கத்தக் கத்த அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தானுக்குப் பூட்டுக்காரரின் மனைவி வேஷம். முக்காடு போட்டுக்கொண்டு, "எம் புருஷன் பூட்டு செய்வாரு, ஆனா எங்க வீட்டுக் கதவு மட்டும் சாத்தாது" என்றாரே பார்க்கலாம்! வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். சிரிப்பும் கரகரதான். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை, மனிதர்.

நாற்காலிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒருநாள்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபப்படாதே. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உங்கள் மனு வந்து சேர்ந்துவிட்டது. மார்ச் இரண்டாம் புதன் எங்கள் மேடம் ஒருவர் நேரில் வருகிறார். நல்லவர், தங்கமான மனசு, எங்கே போனாலும் சட்டென்று கண் கலங்கிவிடுவார்.

தாக்கம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நாடகத்தைப் பார்.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலத்துக்கு எங்கே நேரம்? பள்ளிக்கூடத்தில் நாற்காலி இரவல் வாங்கிவந்து வரிசையாகப் போட்டாயிற்று. கிடங்கைப் பார்த்தால் எனக்கே பல் டாக்டரின் வரவேற்பறை மாதிரி இருக்கிறது. பேக்கரிக்காரர்தான் கதாநாயகன். வசனத்தை ரொட்டி சுற்றும் தாளில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார், ரொட்டி தீய்கிறது. நர்ஸம்மா மட்டும், "சண்டையை மனப்பாடம் பண்ணிப் போடறதுக்கு நான் எதுக்கு? எங்க வீட்டுக்கே போயிடறேனே, அங்க தினமும் அதே சண்டைதான்" என்று முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தானிடம் பயந்து பயந்து கேட்டேன். "கூட்டம் வருது, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வரவேண்டாம்." நடந்து வரும் வழியில்தான். "திரை இழுக்க ஆள் வேணும்ல, நான் இழுக்கறேன்" என்றார். திரைக்குப் பின்னால்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு நிம்மதி. பச்சைத் துணியில் பெரிய திரையாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, எதைப் பார்த்துக்கொள்கிறாய்?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் தரம், அக்கா! இந்த ஆண்டு எந்தச் சிற்றூருக்கும் கிடைக்காத மதிப்பீடு. கிடங்கு உங்களுடையது. நகராட்சிக்குக் கடிதம் போய்விட்டது.

மேடம் அந்த மாலையைப் பற்றி அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்கிறார். அறிக்கையில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பின் பேச்சைத் துறந்திருந்த ஒரு முன்னாள் அறிவிப்பாளர் இக்குழுவால் மீண்டும் குரல் பெற்றார். அவர் மேடையேறியபோது பார்வையாளர்கள் கண்ணீருடன் எழுந்து நின்று பாராட்டினர்."

தவறாக எடுத்துக்கொள்ளாதே. பெயர் போடவில்லை. மேடத்திடம்கூடப் பெயர் சொல்லாமல், முன்னாள் அறிவிப்பாளர் ஒருவரின் கதை என்றுதான் சொன்னேன். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் எல்லாமே போயிருக்கும். அத்தானே மேடையேறினார் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இனி போனை மாட்டு. அவர் குரலைக் கேட்க வேண்டும்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா?

கிடங்குச் சாவி வந்தது. வாரியத்தின் பெயர்ப்பலகையும் வந்தது, ஆணி அடித்து மாட்டியாயிற்று. வெயில் தாங்கவில்லை. பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது.

குழந்தையைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டாதது ஏதோ போல் இருக்கிறது. தையல் வேலைதான் காரணம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு நல்ல செய்தி. ஜூலையில் இங்கே எல்லாச் சிற்றூர்க் குழுக்களின் மாநாடு. அத்தான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மேலிடத்தில் விரும்புகிறார்கள். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. கூட்டி வா, என் வீட்டில் ஒரு வாரம் இருங்கள். அவரிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அன்புத் தம்பி


ஜூன் 18

அக்கா,

போன கடிதம் கிடைத்ததா? மாநாட்டு அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. அத்தான் வருகிறாரா இல்லையா? அது கிடக்கட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டத் தோன்றியது. திட்டி என்ன ஆகப் போகிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாடகம் நல்லபடியாகத்தான் முடிந்தது. கைதட்டல் எல்லாம் பிரமாதம். உன் அத்தான் திரையை இழுத்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். உன் மேடம் மேடைக்கு வந்து, "இங்க ஒரு அறிவிப்பாளர் இருக்காராமே, யாரு அவர்?" என்றார். பெயர் போடவில்லை என்கிறாய். இந்த ஊரில் எத்தனை பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, தம்பி? எத்தனை அறிவிப்பாளர்? எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

அந்த அம்மா திரைக்குப் பின்னால் போய் அவர் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தார். அன்பாகத்தான். "உங்க ஊர் குரல்! மறுபடியும் ஒரு தடவை கேட்போமா?" என்று மைக்கை வாயருகே பிடித்தார். கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். 'நீதான் சொன்னியா' என்று கேட்ட பார்வை அது. செத்தாலும் மறக்க மாட்டேன்.

வாயைத் திறந்தார். மைக்கில் அந்தக் கரகரப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார். ஏதோ ஒரு சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் யாரோ ஒருத்தி, "ஐயோ பாவம், எப்பேர்ப்பட்ட குரலு" என்றாள். அந்தப் பாவத்துக்குத்தான் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்கள் அறிக்கையில் பொய் எதுவும் இல்லை.

அன்றைக்கு வீடு வரும்வரை பேசவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பேசவில்லை. புதன்கிழமைகளில் நான் செருப்பை மாட்டினால் பேப்பரை விரித்துக்கொள்கிறார். நான் தனியாகப் போய்த் தனியாக நடந்து வருகிறேன்.

மாநாட்டுக்கு வர முடியாது என்று எழுதிவிடு.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாற்காலி போட்டது நான்தானே? வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் எங்கள் புதன்கிழமை புதன்கிழமையாக இருக்காது என்று எனக்குத் தெரியாதா? கிடங்கு போயிருந்தால் வேறு எங்காவது ஒரு மாட்டுக்கொட்டகையில் கூடியிருக்கலாம். இப்போது கிடங்கு இருக்கிறது. வாரியம் கொடுத்த விளக்கும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. மாதம் ஒரு நாடகம், நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நர்ஸம்மா நின்றுவிட்டாள். பேக்கரிக்காரர் நன்றாக நடிக்கிறார். பூட்டுக்காரர் வீட்டுச் சண்டையைச் சொல்லக் கூச்சப்படுகிறார், யாராவது பார்க்க வந்துவிடுவார்களாம்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கடிதத்தை ஆபீசில்தான் பிரித்தேன். அதற்கு முந்தின வாரம் புது அலுவலர்களுக்குப் பயிற்சி. நல்ல தாக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று அந்தப் பத்தியை நானே வாசித்தேன். அவர்களும் கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். என்னை என்ன செய்தால் தகும், அக்கா?

மேடத்திடம் போய் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். காரணத்தைச் சொன்னதும் அழுதுவிட்டார். ஆனால் அறிக்கைப் புத்தகம் அச்சாகி எல்லா ஊருக்கும் போய்விட்டது. இனி எங்கே எடுப்பது? மற்ற ஊர்களிலிருந்து வரும் மனுக்களில் இப்போது ஊமை ஒருவர் பேசினார், நடக்காதவர் ஆடினார் என்று வரிசையாக எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அந்த ஆள் இப்போது எப்படி இருப்பாரோ என்றுதான் தோன்றுகிறது.

நான் வேலைக்குக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? அத்தான் மைக்கில் பஸ் நம்பரைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "மாப்பிள்ளே, சாப்பாட்டுப் பையை பெஞ்சுலேயே வெச்சுட்டுப் போறியே" என்று ஊரே கேட்கச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அப்போது மானம் போய்விட்டது. பஸ் ஊரைத் தாண்டும்வரை அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். இப்போது அவர் அப்படி ஒரு தடவை என் மானத்தை வாங்கினால் போதும் என்றிருக்கிறது.

லீவு கேட்டிருக்கிறேன். வந்து அவர் காலில் விழுகிறேன். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் சாப்பிட்டாயா? குழந்தைக்குத் தைத்துக் கொடுத்த கவுன் இறுக்கமாக இருந்தால் சொல், தையலுக்குள் துணி விட்டிருக்கிறேன்.

நீ இருந்த அந்த இரண்டு நாளும் அவர் உனக்குத் தட்டு வைத்ததும், தலையணை எடுத்துப் போட்டதும், பஸ் ஏற்ற வந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். அழாதே என்று உன் முதுகில் தட்டினாரே, அப்போதே எனக்குத் தெரியும், அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ கிளம்பும்போது, "அத்தான் ஒண்ணும் சொல்லலியே அக்கா" என்று என் காதில் கேட்டாய். நான் சாப்பாட்டுப் பையை உன் கையில் திணித்தேன்.

நீ போன அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழக்கம், வாய் சும்மா இருக்காதே. அவர் எழுந்து வந்து மேஜையில் கிடந்த துணிக்கடை ரசீதைத் திருப்பி எழுதி என் முன்னால் நீட்டினார். "பாவம், அவனைத் திட்டாதே. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சான். எனக்கு அவன்மேல எதுவும் இல்லே."

ஈரக்கையோடு வாங்கிப் படித்தேன். "இதை அவன் இருக்கறப்பவே வாயால சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா அவன் நிம்மதியாப் போயிருப்பானே" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைந்த மாதிரி இருந்தது. நான் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன்.

பிறகு ரசீதைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னும் ஏதோ எழுதக் குனிந்தார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார், தம்பி. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா